"எல்லாம் ஹார்மோன்" என்று கைகழுவுவோருக்கு

"அவளுக்கு ஹார்மோன் கோளாறு, வேறொன்றுமில்லை." முன்பெல்லாம் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். சோம்பேறி, வாயாடி என்றார்கள். இப்போது அதே வசை விஞ்ஞான வேஷம் கட்டி வருகிறது. படித்த கனவான்கள் மட்டுமல்ல, கொடி பிடிக்கும் நமது தோழர்களிலேயே சிலர் வீட்டில் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆகவே இதைப் பேசியே தீர வேண்டும்.

ஹார்மோன் பொய்யல்ல. சுரப்பிகள் ரத்தத்தில் கலந்துவிடும் ரசாயனம் அது. வரப்பில் காலடியில் பாம்பு நெளிந்தால் என்ன நடக்கிறது? மூளை உத்தரவு போடுகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரினலினையும் கார்டிசாலையும் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கால் துள்ளுகிறது. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும். இது இயற்கை தந்த காவல்.

ஆனால் போகாத பாம்பு ஒன்று உண்டே!

பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர், செல்லம்மாள் பிறந்த ஊர் என்று கடையத்தில் நாம் பெருமை பேசுகிறோம். பேசலாம். அந்தச் செல்லம்மாளின் ஊர்ப் பெண்கள் சுளகை மடியில் வைத்துக் குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றுகிறார்களே, அவர்களைப் பற்றியும் பேச வேண்டாமா? ஆயிரம் சுற்றினால்தான் கூலி. இலை மட்டமாக வந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. பீடிக்கடையில் கழிவென்று ஒதுக்கினால் போனது போனதுதான். சாயங்காலம் குழுக் கடன்காரர் வாசலில் நிற்பார். இந்தப் பாம்பு காலையிலும் இருக்கிறது, ராத்திரியிலும் இருக்கிறது. கார்டிசால் இறங்க நேரமேது? தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, மனம் சோர்கிறது. போதாததற்குப் புகையிலைத் தூள் வேறு. அவள் பீடி குடிப்பதில்லை. ஆனாலும் நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறுகிறது. பீடி சுற்றுவோரின் சிறுநீரிலேயே அதன் தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். அட்ரீனலைத் தட்டி எழுப்பும் சரக்கு அது.

பெண்ணுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்னும் இரண்டும் கருப்பையோடு நிற்பவையல்ல, மூளையிலும் வேலை செய்பவை. கர்ப்ப காலத்தில் பல மடங்கு ஏறும் இவை, பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே சரிந்துவிடுகின்றன. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான கணக்கு, பிள்ளை பெற்றவர்களில் 100க்கு சுமார் 22 பேருக்கு மனச்சோர்வு என்கிறது. சரிவு எல்லாத் தாய்மார்களுக்கும் வருகிறது; நோய் எல்லோருக்கும் வருவதில்லை. ஏன்? உடல்வாகு ஒரு காரணம். வறுமை, அடி உதை, பெண் பிள்ளை பெற்றாள் என்ற ஏச்சு, உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை மற்ற காரணங்கள். இவற்றை மறைத்துச் சுரப்பியின் மீது மட்டும் பழி போடுபவன் பாதி உண்மையைத் திருடுகிறான்.

முதலாளிக்கு அந்தப் பாதி உண்மையும் வேண்டாம், உற்பத்தி நிற்காமல் இருந்தால் போதும். தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் மாதவிடாய் வலியென்று சொன்ன பெண்களுக்குப் பெயர் எழுதாத மாத்திரையைக் கையில் திணித்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பிய கதை 2019ல் வெளிவந்தது. சுமார் 100 பெண்கள் பத்திரிகையாளரிடம் வாய்திறந்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் அரசுக் குழு விசாரித்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் 82,000 பேருக்கு மேல் விசாரித்ததில் 13,000 பேருக்கு மேல் கருப்பையை எடுத்துவிட்டவர்கள்! ஒரு நாள் வேலை தவறினால் மேஸ்திரிக்கு அபராதம். மாதவிடாயே இல்லாவிட்டால் அபராதமும் இல்லை. சூலகத்தையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஹார்மோன் ஒரே நாளில் அறுந்து போகிறது. உடம்பு கொதிக்கிறது, உறக்கம் போகிறது, மனம் இருள்கிறது. முப்பது வயதில் மூப்பு! இதற்கும் "ஹார்மோன் கோளாறு" என்றுதானே பெயர் வைப்பார்கள்?

வீட்டிலிருந்து பீடி சுற்றுபவளும் தொழிலாளியே, அவளுக்கும் பிரசவ உதவி உண்டு என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. பலருக்கு அது காகிதத்தோடு நின்றது என்பது வேறு விஷயம். அந்தக் காகிதத்தையும் 2025 நவம்பர் 21 அன்று அமலாக்கிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் விழுங்கிவிட்டன.

வைத்தியமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதியும் அழுகையும் வரும். பெண்களுக்கே அது அதிகம். ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் அடங்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசிக்கொண்டு எத்தனை வருஷம் கழிப்பது? பேயோட்டப் போகும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பிள்ளை பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதபடி இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே யோசனை கேட்கலாம்.

சங்கக் கூட்டத்தில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இவற்றையும் எழுதுவோம்: பீடிப் பெண்களுக்கு வருஷம் ஒருமுறை தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை, பிரசவத்துக்குக் கூலியோடு ஓய்வு, கழிவுக்குக் கணக்குக் காட்டாமல் பிடித்தம் கூடாது. கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். அன்று அடுப்படியை ஆண் தோழர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.