செடிகளுக்கும் மருத்துவர் வேண்டும்

உயிரியல் படிக்கும் மாணவரிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: “டாக்டருக்கா படிக்கிறாய்?” செடிகளின் நோயைப் படிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நாம் வாங்கும் துவரம்பருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் பீகாரின் பூசாவில் துவரைக்கு ஒரு விநோத நோய் வந்தது பதிவானது. செடி பச்சைப்பசேலென்று புதர்போல் நிற்கும்; பூக்காது, காய்க்காது. தமிழ்நாட்டில் இதற்கு மலட்டுத் தேமல் நோய் என்று பெயர். பரப்புவது ஒரு சிலந்திப்பேன். நீளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், கால்கள் நான்கே. காற்றே அதை அடுத்த வயலுக்குக் கொண்டுபோய்விடும்.

பரப்புவது எது என்று தெரிந்த பிறகும், அது சுமந்து வரும் கிருமி பிடிபடவில்லை. ஹைதராபாத் அருகிலுள்ள இக்ரிசாட் ஆய்வாளர்களும் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த வைரஸைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின!

பிரேசிலின் ஆரஞ்சுத் தோட்டங்களும் இன்னொரு சிலந்திப்பேன் பரப்பும் வைரஸோடு மல்லுக்கட்டுகின்றன.

நோய் கண்ட துவரையைக் குணப்படுத்த மருந்தில்லை. பேனைக் கட்டுப்படுத்தலாம், நோய் தாங்கும் ரகங்களை விதைக்கலாம். ஆனால், வைரஸ் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், ஓர் ஊரில் தாங்கும் ரகம் இன்னோர் ஊரில் தோற்றுவிடுகிறது.