உச்சிக்கு மேல் ஏது வழி?

‘வரை’ என்னும் சொல்லுக்கு மலை என்பது ஒரு பொருள். எல்லை என்பது மற்றொரு பொருள். வரையாட்டின் இன்றைய வாழ்வை நோக்கினால் அதன் பெயருக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இது, மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்து கிடக்கும் புல்வெளிகளில் மேயும். பகை கண்டால் செங்குத்தான பாறைச் சரிவில் ஏறி நின்றுகொள்ளும். வேட்டையிலிருந்தும் சிறுத்தையிலிருந்தும் அதனைக் காத்து வந்த அந்த உயரம், புவி வெப்பமாதலிலிருந்து காக்குமா என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்வியின் ஆழத்தை உணர, முதலில் பைக்கா என்னும் சிறு விலங்கை அறிந்துகொள்வது நன்று. முயலின் உறவினமாகிய இது உள்ளங்கையில் அடங்கும், காதுகள் வட்டமானவை, வால் வெளியே தெரியாது. இமயமலையிலும் நடு ஆசியாவிலும் வட அமெரிக்க மலைகளிலும் பாறை இடுக்குகளிலும் வளைகளிலும் வாழ்கிறது. உத்தரகாண்டின் துங்கநாத் செல்லும் வழியில் பாறைகளுக்கு இடையே இது ஓடி மறைவதைக் காணலாம். சிக்கிமில் வாழும் பைக்கா தனியோர் இனம் என்பது மரபணு ஆய்வின் வழியே 2016இல்தான் உறுதியாயிற்று. குளிர்காலம் முழுதும் உறங்கிக் கழிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. அமெரிக்கப் பைக்கா கோடையிலேயே புல்லையும் பூவையும் வாயால் கவ்விக் கொணர்ந்து, உலர்த்தி, பாறைக்கு அடியில் போர் போட்டு வைக்கிறது. நம் உழவர் வைக்கோற்போர் இடுவதைப் போன்ற முன்யோசனை இது!

குளிரைத் தாங்கும் அவ்வுடலுக்கு வெப்பம் ஆகாது. அடர்ந்த மயிரும் உயர்ந்த உடல்வெப்பமும் குளிரில் துணை. வெயிலில் அவையே பகை. நிழலில் ஒதுங்க இயலாத நிலையில், 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ் வெப்பமே சில மணி நேரத்தில் அமெரிக்கப் பைக்காவின் உயிரைப் பறிக்கவல்லது. ஊரப்பாக்கத்திலும் தாம்பரத்திலும் தை மாத நண்பகல்கூடப் பெரும்பாலும் இதனினும் வெப்பமானது. வெப்பம் மிகுந்தால் பைக்கா பாறைக்குள் பதுங்கும். பதுங்கும் நேரம் கூடினால் மேயும் நேரம் குறையும். பனி குறைவதும் அதற்குக் கேடே. தரைமேல் படியும் பனி, போர்வைபோல் கடுங்குளிரைத் தடுக்கிறது; அப்போர்வை விலகினால், வெப்பமாகும் உலகிலேயே அது குளிரால் வாடும்.

இத்தகைய உயிர்கள் மேலும் உயரத்துக்கு ஏறிப் பிழைத்துக்கொள்ளலாகாதா? இங்குச் சிறு கணக்கு ஒன்று உதவும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். ஆகவே ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பழைய குளிரைத் தேடி ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்ல வேண்டும். இமயத்துப் பைக்காவுக்கு, மேலே செல்லச் செல்லப் புல் அருகினும், உயரமாவது மீந்திருக்கிறது. ஆறாயிரம் மீட்டர் உயரத்திலும் பைக்கா காணப்பட்டுள்ளது. வரையாட்டின் நிலை அதுவன்று. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அவற்றுக்கு மேல் வானம்தான். ஒரு மலையைவிட்டு மறு மலைக்குச் செல்லவும் இயலாது. நீலகிரி வரையாடு ஆனைமலையை அடைய வேண்டுமாயின், இடையே பாலக்காட்டுக் கணவாயின் வயலும் ஊரும் சாலையும் கடக்க வேண்டும். கடலில் தீவுகள் இருப்பதுபோல், வெப்பமான தாழ்நிலத்தின் நடுவே குளிர்ந்த உச்சிகள் தனித்தனியே நிற்கின்றன.

மரம் நடுவது நற்செயல் என்று பள்ளிப் பருவம் முதல் கற்கிறோம். அக்கருத்தை எல்லா நிலத்துக்கும் பொதுவாக்குவதை நான் ஏற்கவில்லை. நீலகிரியின் புல்வெளிகள், காடு அழிந்து உண்டான வெற்றுநிலங்கள் அல்ல. அங்குள்ள பழைய சதுப்புப் படிவுகள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்வெளி இருந்ததைக் காட்டுகின்றன. இதனை உணராத ஆங்கிலேய ஆட்சியினர் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்தனர். விடுதலைக்குப் பின்னரும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலை மரக்கூழுக்காகவும் அவற்றை நாமே பரப்பினோம். புல் இருந்த இடத்தில் மரம் நின்றது. வரையாடு அவ்விடத்தை இழந்தது.

வெப்பமாதல் இத்தவற்றைப் பெரிதாக்குகிறது. மார்கழி, தை மாதங்களில் மலையில் விழும் உறைபனி புல்லைக் கருக்கினும் அதன் வேர் பிழைத்துக்கொள்ளும். இளம் மரக்கன்றோ பட்டுப்போகும். புல்வெளி புல்வெளியாகவே நீடித்ததற்கு உறைபனியும் ஒரு காரணம் என்பர் அறிஞர். உறைபனி நாள்கள் குறைந்தால் அந்தக் காவல் தளரும். மரங்கள் மேலும் முன்னேறும். கீழிருந்து வெப்பமும் பக்கவாட்டில் மரமும் நெருக்க, நடுவே வரையாடு நிற்கிறது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2022 முதல் 2027 வரையிலான வரையாடு பாதுகாப்புத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு ரூ. 25.14 கோடி மதிப்பீட்டில் செயற்படுத்துகிறது. 1975இல் வரையாடு குறித்த முன்னோடி ஆய்வை நிகழ்த்திய இ.ஆர்.சி. தாவிதாரைப் போற்றும் வகையில், அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2025இல் இரு மாநிலங்களும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் காணப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டில் இருந்தவை 1,303. மகிழத்தக்க எண்ணே. ஆயினும் ஒரு நகரியத்தின் சில தெருக்களில் வாழும் மக்கள்தொகையினும் இது சிறிது!

வண்டலூர் உயிரியல் பூங்கா போன்ற இடங்களில் வளர்த்தால் போதாதா என்று சிலர் வினவுவர். சில விலங்குகளைப் பேண அது உதவலாம். புல்வெளியையும் உறைபனியையும் கூண்டுக்குள் கொணர்வது எங்ஙனம்? செய்யத்தக்கது மலையிலேயே உள்ளது. அயல் மரங்களை அகற்றி, மண்ணுக்குரிய புல்லை மீண்டும் வளர்த்தல் வேண்டும். இப்பணி ஓராண்டில் முடிவதன்று. மரத்தை வெட்டிய பின்னும் சீகை விதைகள் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடந்து முளைக்கும். முளைக்குந்தோறும் ஆள்கள் சென்று பிடுங்க வேண்டும். ஆதலால் 2027க்குப் பின்னரும் இதற்கென நிதியும் பணியாளரும் ஒதுக்கப்பட வேண்டும். அவ்வேலைக்கு மலைவாழ் மக்களை அமர்த்துவதே தக்கது. எப்புல் எங்கு வளர்ந்தது என்பதை அவர்கள் அறிவர்.