பெட்டி கட்டுவதற்கு முன்

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற வாரம் நம் கைக்குக் கிட்டியது. அவருடைய கணவர் ஒரு பொறியியலாளர். சிறு நீர்மின் நிலையங்களை அமைக்கும் கம்பனி ஒன்றிலே கடமை புரிகிறார். உகண்டா நாட்டிலே அக்கம்பனி நடத்தும் வேலையொன்றை மேற்பார்வை செய்வதற்கென இரண்டு வருட காலத்துக்கு அவரை மாற்றியிருக்கிறார்களாம். புறப்பாட்டுக்கு ஆறு வாரமே இருக்கிறது. என்னென்ன பொருள்களைக் கொடுத்தனுப்ப வேண்டும், கம்பளிச் சட்டை எத்தனை வேண்டும், மிளகாய்த் தூள் எவ்வளவு கட்டலாம் என்று இரண்டு பக்கத்துக்கு வினாக்களை அடுக்கியிருந்த அச்சகோதரி, கடிதத்தின் அடியிலே, "இரண்டு வருடந்தானே, ஓடிவிடும்" என்று தமக்குத் தாமே ஆறுதலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டியைப் பற்றிய வினாக்களுக்கு விடை கூறுதல் எளிது. உகண்டா பூமத்திய ரேகை ஓடும் நாடு எனினும், தலைநகராகிய கம்பாலா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வவுனியாவின் வெக்கை அங்கில்லை. தென்மேற்கு மலைப்பக்கம் போனால் நுவரெலியாவை நினைவூட்டும் குளிர் உண்டு. இரண்டு கம்பளிச் சட்டைகள் போதும். அரிசிக்கும் பருப்புக்கும் கவலை வேண்டா. ஆங்கிலேயர் காலத்திலேயே இந்திய வணிகர் பெருந்தொகையாகக் குடியேறிய நாடு அது. 1972ஆம் ஆண்டில் இடி அமீன் தொண்ணூறு நாள் தவணை கொடுத்து அவர்களை வெளியேற்றியபோதிலும், பின்னாளிற் பலர் திரும்பிவந்து கடை திறந்திருக்கின்றனர். அந்நாட்டவர் வாழைக்காயை அவித்து மசித்து நாளாந்த உணவாக உண்பர். நம்மவர் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. வறுத்து இடித்த நம்மூர் மிளகாய்த் தூள் மட்டும் அங்கே கிடையாது. இரண்டு கிலோ கட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் கட்டினாற் பெட்டியிலுள்ள வெள்ளைச் சட்டைகளின் கதி என்னாகும் என்பதை அநுபவத்தில் அறிந்தவர் நாம்.

ஆனால், அக்கடிதத்திற் கேட்கப்படாத வினாக்களே நம்மை அன்றிரவு உறங்கவிடாமற் செய்தன.

"இரண்டு வருடந்தானே" என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1880களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரயில்வே உத்தியோகத்துக்கும் கந்தோர் வேலைக்கும் கப்பலேறிய யாழ்ப்பாணத்து இளைஞருட் பலர், சிறிது காலம் உழைத்துக்கொண்டு திரும்புவோம் என்ற எண்ணத்துடனேயே போயினர். பென்சன் பெறும்வரை திரும்பாதவர் பலர். அங்கேயே வேரூன்றிவிட்டவரும் பலர். மாதாமாதம் வந்த காசுக்கட்டளையை நம்பி இங்கே குடும்பங்கள் நடந்தன. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அன்று தொடங்கி 1945இல் யுத்தம் முடியும்வரை பணமும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. கணவன் உயிரோடிருக்கிறானா என்பதே தெரியாமல் மூன்றரை வருடம் அடுப்பெரித்த பெண்கள் இருந்த மண் இது. இன்று கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் தொலைபேசியிலே கையொப்பம் இட முடியாது.

இதை நாம் ஏன் அழுத்திச் சொல்கிறோமென்றால், நம் குடும்பத்திலேயே நடந்த ஒன்று மறக்க முடியாதிருக்கிறது. எங்கள் பெரியப்பா கணித ஆசிரியர். 1975ஆம் ஆண்டில் மூன்று வருட ஒப்பந்தத்தில் சாம்பியா நாட்டுக்குப் போனார். அக்காலத்தில் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் நம் ஆசிரியர்கள் பெருந்தொகையாகப் போய்க்கொண்டிருந்தனர். போகும்போது பெட்டி மிக ஒழுங்காகக் கட்டப்பட்டது. பினாட்டும் ஊறுகாயும்கூட மறக்கப்படவில்லை. போன இரண்டாம் வருடம் பெரியம்மாவின் தாயாருக்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. பெரியம்மாவின் பெயரிற் சீதனக் காணி எட்டுப் பரப்பு இருந்தது. அதை ஈடு வைத்துப் பணம் பெறலாமென்று நொத்தாரிசிடம் போனார். உறுதியை வாசித்துப் பார்த்த நொத்தாரிசு, "பிள்ளை, அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டுமே" என்றார்.

தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி. இதனைத் திருத்த வேண்டுமென்ற குரல் நெடுங்காலமாக எழுந்துவருகிறது. நியாயமான குரல் என்பதே நம் கருத்து. அது கிடக்க, அன்று பெரியம்மா கடிதம் எழுதினார். சாம்பியாவின் வடக்கே ஏதோ ஒரு கிராமப் பாடசாலைக்கு அது போய்ச்சேர்ந்து மறுமொழி வர ஏழு வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி ஏழு வாரம் காத்திருக்குமா? பெரியம்மா தாலிக்கொடியைக் கழற்றி ஈடு வைத்தார். மறுவருடம் பெரியப்பா விடுமுறையில் வந்து இறங்கியபோது அவர் கழுத்தில் மஞ்சட்கயிறு மட்டுமே கிடந்தது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையிலே, பயணக் களைப்பும் தீராமல், நொத்தாரிசு வீட்டுக்கு நடந்தார்.

ஆகவே, சகோதரி, முதலிற் கட்டவேண்டியது பெட்டியன்று. இருவருமாக ஒரு நாள் நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ போங்கள். கணவரின் பெயரிலுள்ள காணி, வாகனம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை அவர் இல்லாத காலத்தில் நீங்கள் நடத்துவதற்கு அற்றோணித் தத்துவம் எழுதுவியுங்கள். உங்கள் பெயரிலுள்ள காணிக்கு அவருடைய சம்மதத்தை இப்பொழுதே எழுத்திற் பெற்றுக்கொள்ளலாமா, எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்டறியுங்கள். அங்கு போன பின் ஒப்பமிட்டு அனுப்புவதென்றால் தூதரகம், அத்தாட்சி, தபால் என்று வாரங்கள் கழியும். "கணவனை நம்பாமலா காகிதம் கேட்கிறாய்?" என்று மாமியார் கேட்கக்கூடும். காகிதம் நம்பிக்கைக் குறைவன்று என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், நீங்களல்லர்.

அடுத்தது கம்பனியின் கடிதம். "இரண்டு வருடம்" என்று முகாமையாளர் வாயாற் சொன்னதும் கடிதத்தில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். இங்குள்ள சேவை தொடர்ந்து கணிக்கப்படுமா? அல்லது அங்குள்ள கிளையிலே புதிய நியமனமா? சொற்பேதம் சிறிது, விளைவு பெரிது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் நூற்றுக்கு 12 வீதம் செலுத்தவேண்டும். இரண்டு வருடம் அது நின்றுபோனால் முதுமையிலேதான் அதன் நட்டம் தெரியும். திரும்பிவரும்போது எந்தப் பதவி காத்திருக்கும், வருமான வரியை எந்நாட்டில் யார் கட்டுவது, கடும் நோய் வந்தால் ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது, வீட்டிலே துக்கம் நேர்ந்தால் விமானச் சீட்டு உண்டா என்பவற்றையும் இப்பொழுதே கேட்கலாம். புறப்படுமுன் கேட்பவருக்குக் கம்பனிகள் விடை தரும். போய்ச் சேர்ந்தபின் கேட்பவருக்கு "பார்ப்போம்" என்ற சொல்லே கிடைக்கும்.

இனிச் சுகாதாரம். உகண்டாவுக்குள் நுழைய மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் சென்ற பின்னரே அச்சான்றிதழ் செல்லுபடியாகும். 2016ஆம் ஆண்டு தொடக்கம் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் அது போதும். அந்த மஞ்சட் புத்தகத்தைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பிவரும்போது நம் நாட்டு அதிகாரிகளும் அதனைக் கேட்பர்.

மலேரியாவைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். 1934, 35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்த நோய் அது. இன்று நம்மிடை இல்லை; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. அதனாலேயே நமக்கு அந்நோயைப் பற்றிய பயம் போய்விட்டது. உகண்டாவிலோ வருடம் முழுவதும் மலேரியா உண்டு. மலேரியா எதிர்ப்பு இயக்கத்தார் இத்தகைய நாடுகளுக்குச் செல்வோருக்குத் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கின்றனர். புறப்படுமுன் தொடங்கி, திரும்பிய பின்னும் வைத்தியர் சொல்லும் நாள் வரை விழுங்க வேண்டும். நுளம்பு வலையின்றி ஓரிரவும் படுத்தலாகாது. விடுமுறையில் வந்து நிற்கும்போது காய்ச்சல் கண்டால், டெங்கு என்று தாமே முடிவு கட்டாமல், "நான் ஆபிரிக்காவிலிருந்து வந்தவன்" என்பதையே வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இன்றைய இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணாலும் கண்டிராதவர். நீங்கள் சொன்னாலன்றி அவருக்கு அந்த நினைவு எழாமற் போகலாம். இன்னொன்று: குளத்திலே நீந்தி வளர்ந்தவராயின், விக்டோரியா ஏரியைக் கண்டதும் இறங்கிவிட வேண்டாமென்று சொல்லுங்கள். நத்தைகள் வழியாகத் தோலினூடே புகும் பில்ஹார்சியா என்ற நோய் அந்நீரில் உண்டு.

பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். மகன் நாலாம் வகுப்பு, அடுத்த வருடம் புலமைப்பரிசிற் பரீட்சை என்பதே உங்கள் தயக்கத்துக்குக் காரணம். வெளிப்படையாகச் சொல்வதானால், பத்து வயதுப் பரீட்சையொன்றுக்காகத் தகப்பனை இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்பதை நாம் ஏற்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையாயிருந்தால் வேறு கதை. முதல் ஆறு மாதம் அவர் தனியே போய் வீடும் பாடசாலையும் பார்க்கட்டும். பாடசாலை விடுமுறையில் நீங்கள் போய்ப் பாருங்கள். அதன் பின் முடிவு செய்யுங்கள். போவதாயின், மகனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வழியைப் பாடசாலை அதிபரிடம் எழுத்திற் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாடநூல்களைச் சுமக்க வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் அரை மணி நேரம் மகனோடு உட்காருவதற்கு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் இங்கேயே தங்குவதாயின் ஒரு கணக்கு. உகண்டா நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. அங்கே வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு அவர் தொலைபேசியை எடுக்கும்போது இங்கே இரவு எட்டு மணி. சின்னவளுக்கு நித்திரை வரும் நேரம். ஆகவே அவள் சோற்றுக் கோப்பையோடு உட்காரும் நேரத்தை எட்டு மணிக்குத் தள்ளுங்கள். தகப்பன் கதை சொல்ல, நீங்கள் ஊட்டுங்கள். இரண்டு நாள் பிழைத்தாலும் மூன்றாம் நாள் அவள் தானே கேட்பாள்.

பயணத்துக்கு நல்ல நாள் குறித்துத் தரும்படியும் கேட்டிருந்தீர்கள். அதைப் பஞ்சாங்கம் பார்ப்பவரிடமே கேளுங்கள். ஆனால் அவரிடம் போகுமுன் பொரளைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொள்ளட்டும். எந்த நல்ல நாளும் அதிலிருந்து பத்து நாளுக்கு அப்பால் விழவேண்டும்.