தகட்டை அளந்தால் போர் விளங்காது

பிரித்தானியரின் குரூசர் டாங்கிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: தகடு மெல்லிசு, அதனால்தான் தோற்றன. போர்க்கருவிகளில் ஆர்வமுள்ள இளைஞரும் சொல்கிறார், சரித்திரம் படித்த பெரியவரும் சொல்கிறார். இது பிழையான தீர்ப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்பவர்கள் இதை நம்புவது இன்னும் பெரிய பிழை.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் படையில் சேர்ந்த ஏ-13 என்ற குரூசர் டாங்கியின் முதல் வகைக்குக் கவசம் 14 மில்லிமீற்றர்தான். வேகமோ மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர். 1940இல் பிரான்சில் அவை அழிந்தன, உண்மை. ஆனால் எதிரே வந்த ஜெர்மன் டாங்கிகளில் பெரும்பகுதி பான்சர்-1, பான்சர்-2 வகைகள். அவற்றின் அடிப்படைத் தகடும் 13 முதல் 14.5 மில்லிமீற்றர்தான்! மறுபுறம், பிரெஞ்சுப் படையின் பி-1 பிஸ் டாங்கிக்கு 60 மில்லிமீற்றர் கவசம். அதன் கோபுரத்தில் ஒரே ஆள். கட்டளையிடுவது, குண்டேற்றுவது, சுடுவது எல்லாம் அவர்தான். தடித்த கவசம் பிரான்சைக் காக்கவில்லை. வானொலியால் இணைந்து, விமானமும் காலாட்படையும் சேர வந்த மெல்லிய தகடுகளே வென்றன.

1941 பெப்ரவரியில் லிபியாவின் பேடா பொம்மில் இதே வகைக் குரூசர்கள் பாலைவனத்தைக் குறுக்கே கடந்து இத்தாலியப் படையின் பின்வாங்கும் வழியை மறிக்க உதவின. சரணடைந்தவர்கள் 20,000 பேருக்கு மேல். அங்கே வேகம் வேலை செய்தது.

இனிக் குடாநாட்டுக்கு வருவோம். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை கொண்டுவந்த டி-72, 41 தொன் எடையுள்ளது. ஏ-13 அதன் முன் தகரப் பெட்டி. ஆனால் வீதிகளில் கண்ணிவெடி புதைந்திருந்தது. கொக்குவில் பக்கம் சிக்கிய இந்தியப் படையினரை மீட்கப் போன டாங்கிகள் புகையிரதப் பாதை வழியே செலுத்தப்பட்டன. முன்புறக் கவசம் எவ்வளவு தடித்திருந்தாலும் நிலத்துக்கடியில் இருப்பதை அது தடுக்காது. மதிலும் வேலியும் நெருங்கிய ஒழுங்கைகளில் பெரிய பீரங்கியைத் திருப்பவும் இடமில்லை. அந்த நெருக்கத்துக்குள் சிக்கிய ஊர்ச்சனம் கொடுத்த விலையை எந்தத் தகட்டுக் கணக்கும் சொல்லாது.

1991 யூலையில் ஆனையிறவு. விடுதலைப் புலிகள் புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்தி இலங்கை இராணுவத்தின் முகாமை நோக்கி அனுப்பினார்கள். துப்பாக்கிச் சன்னங்களை அது தாங்கியது. ஆனால் மறைவேயில்லாத உப்புவெளியில் அதன் பக்கத்தே ஆட்கள் நிலைக்க முடியவில்லை. காமினி குலரத்ன என்ற இலங்கைப் படைவீரர் கைக்குண்டுகளுடன் அதில் ஏறினார், அங்கேயே உயிரிழந்தார். இயந்திரம் நின்றது.

தகட்டுக்குப் பயனே இல்லை என்பதல்ல இவ்வாதம். மெல்லிய தகட்டுக்குள் இருந்து எரிந்தவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. குரூசர்களைக் கெடுத்த வேறு குறைகளும் உண்டு: பழுதாகும் இயந்திரம், வெடிகுண்டு சுட முடியாத இரண்டு இறாத்தல் பீரங்கி, காலாட்படையைப் பிரிந்து ஓடிய போர்முறை. இவற்றை மறைத்து 14 என்ற ஒற்றை எண்ணில் பழியைப் போடுவது, அந்த டாங்கிகளை அவசரத்தில் வடிவமைத்துக் களத்துக்கு அனுப்பியவர்களைத் தப்பவிடுவதாகும்.

அந்தப் புல்டோசர் இன்றும் ஆனையிறவு வீதியோரம் நிற்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லும் ஆசிரியர்கள் தகட்டைக் காட்டுவதோடு நின்றுவிட வேண்டாம்; அது ஏன் தனியாக வந்தது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.