விளையாட்டு விளக்கம்: கை பிழையா, கருவி பிழையா?



சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், அன்பர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்துத் தம் மனக்குறையைக் கூறினார். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அவருடைய மகள் ஓராண்டுக் காலமாகப் பள்ளியில் ஏர் ரைபிள் எனப்படும் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி பெறுகிறாள். எவ்வளவு முயன்றும் புள்ளிகள் உயரவில்லையாம். “அவள் கைக்கு நிதானம் போதாது, ஐயா. நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார். அம்முடிவுக்கு வருமுன், அவள் சுட்ட இலக்கு அட்டைகளில் நாலைந்தை எம்மிடம் காட்டுமாறு வேண்டினோம். அவ்வட்டைகளே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

இவ்விளையாட்டில் இலக்கு பத்து மீட்டர் தூரத்தில் அசையாது நிற்கிறது. அசையாத பொருளைச் சுடுவதில் என்ன அருமை என்று வினவுவோர் அதன் அளவை அறிதல் வேண்டும். நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. ஈயக் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். பெரும் போட்டிகளில் பத்துப் புள்ளிக்குரிய பரப்பை மேலும் பத்தாகப் பகுத்து 10.0 முதல் 10.9 வரை கணக்கிடுகின்றனர். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே கால் மில்லிமீட்டர் வேற்றுமைதான். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினாலே அக்கால் மில்லிமீட்டர் கைவிட்டுப் போய்விடும்!

நம்மைப்போலத் தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் சாதனையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். கடலூரிற் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த செல்வி இளவேனில் வாலறிவன், 2019-ஆம் ஆண்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின் இறுதிச் சுற்றில் 24 குண்டுகளுக்கு 251.7 புள்ளிகள் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். கணக்கிட்டுப் பார்ப்பின், அவருடைய குண்டுகள் சராசரியாக மையத்தினின்று ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகின, அவ்வளவே!

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். குறி தவறுதல் என்று நாம் ஒரே சொல்லாற் குறிப்பது உண்மையில் இருவகைப் பிழையாகும். குண்டுகள் நாற்புறமும் பரவி விழுதல் ஒன்று. இதனைச் சிதறல் என்போம். குண்டுகள் யாவும் ஓரிடத்தே நெருங்கி விழுந்தும், அவ்விடம் மையமாக அமையாமை மற்றொன்று. இதனை விலகல் என்போம். நம் வீட்டுக் கடிகாரங்களே இதற்குச் சான்று. நாள்தோறும் ஐந்து நிமிடம் முந்தியே காட்டும் கடிகாரத்தை நம்பி இரயிலைப் பிடித்துவிடலாம். முள்ளைத் திருப்பினால் அக்குறையும் தீரும். ஒரு நாள் முந்தியும் ஒரு நாள் பிந்தியும் காட்டுவதை என் செய்வது?

புள்ளிகளின் கூட்டுத்தொகை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. இலக்கு அட்டையே காட்டும். விலகலைப் பின்குறியிலுள்ள திருகுகளைக் கொண்டு சில நொடிகளில் திருத்திவிடலாம். சிதறலுக்கோ அத்தகைய எளிய மருந்து இல்லை. மூச்சு, நாடித் துடிப்பு, விசையை அழுத்தும் விரல் ஆகிய யாவும் அதில் பங்கு கொள்கின்றன.

குண்டும் சிதறலுக்குக் காரணமாகலாம். எனவே தேர்ந்த வீரர்கள் துப்பாக்கியைப் பட்டறைப் பிடியில் அசையாது இறுக்கி, வெவ்வேறு தொகுதிக் குண்டுகளைச் சுட்டுப் பார்ப்பர். மனிதக் கையின் நடுக்கம் நீங்கிவிட்டபடியால், எஞ்சும் சிதறல் குழலுக்கும் குண்டுக்கும் உரியதாகும். எத்தொகுதி மிக நெருங்கி விழுகிறதோ அதையே வாங்கி வைப்பர். அயல்நாடுகளில் தோட்டாவுக்கு மருந்தைத் தாமே நிறுத்து நிரப்புவோரும், நிறுக்குமுன் அளவறிந்த எடைக்கல்லை இட்டுத் தராசைச் சோதிக்கின்றனர். அளக்கும் கருவியை முதலில் அளந்து பார் என்பதே இவர்தம் நெறி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு குண்டு இடப்புறம் விழுந்தது கண்டு உடனே திருகை வலப்புறம் திருப்புவோர் பலர். அது தற்செயலாக விழுந்ததாயின், சரியாயிருந்த குறியைத் தாமே கெடுத்தவராவர். ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் தொடுபவரின் சிதறல் குறைவதில்லை, பெருகவே செய்யும். ஐந்தாறு குண்டுகளேனும் சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் கண்டு, அதன்பின் திருத்துவதே முறை.

பிழையின் இருப்பிடத்தை அறியாமல் மனிதரைக் குறை கூறுவது எத்துணைத் தீது என்பதற்குத் திரு. அபினவ் பிந்த்ராவின் வரலாறே சான்று. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றாமிடத்தில் இறுதிச் சுற்றுக்குச் சென்ற அவர், ஏழாமிடத்துக்கு இறங்கினார். மனம் தளர்ந்ததோ என்ற வினா அவரை வருத்தியது. அவர் நின்ற இடத்துத் தரை ஓடு உறுதியாகப் பதிந்திருக்கவில்லை என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. 2008-இல் பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன், சோதனைக் குண்டு மையத்தை விட்டு வெகுதூரம் விலகி விழுந்தது. பின்குறியின் அமைப்பு மாறியிருந்தது. அவர் தம் கையை ஐயுறவில்லை. கிடைத்த சில நிமிடங்களிற் குறியைத் திருத்தினார். முதற் குண்டு 10.7, பத்தாம் குண்டு 10.8. மொத்தம் 700.5 புள்ளிகளுடன், தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

அன்பர் கொணர்ந்த அட்டைகளைக் கண்டோம். நான்கிலும் துளைகள் இடக்கீழ்ப் புறத்தில், ஏழாம் எட்டாம் வளையங்களில், சட்டைப் பொத்தானினும் சற்றே பெரிய இடத்துக்குள் நெருங்கிக் கிடந்தன. பல பிள்ளைகள் மாறி மாறிக் கையாளும் பள்ளித் துப்பாக்கி அது. ஒருவர் கண்ணுக்கு ஏற்பத் திருப்பிய குறி மற்றவருக்குப் பொருந்துவதில்லை. கன்னத்தைக் கட்டையில் வைக்கும் முறையாலும் இவ்விலகல் நேரலாம். எதுவாயினும் திருத்தக்கூடியதே. நிதானமற்ற கை இவ்வாறு ஓரிடத்திற் சுடாது.

“ஓராண்டாகப் புள்ளிகளையே கேட்டேன், அட்டையை ஒருநாளும் பார்க்கவில்லையே!” என்றார் அன்பர். மகளைப் பயிற்சியினின்று நிறுத்தும் எண்ணத்தையும் விட்டார். அட்டைகளைப் பயிற்சியாசிரியரிடம் காட்டுமாறு கூறி அனுப்பினோம்.

பிள்ளைகளின் தேர்வுத் தாளை நோக்கும் பெற்றோர் யாவரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.