பள்ளிக்கூடத்தை மூடியது யார்?

1889-ஆம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி பாரிஸ் நகரத்தில் கூடிய உயிர்நூற் சங்கத்தில் பிரௌன்-ஸெக்கார் என்னும் பேராசிரியர் ஓர் அதிசயச் செய்தி சொன்னார். அப்போது அவருக்கு வயது 72. நாய், சீமைப் பெருச்சாளி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாரத்தைத் தம் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், இழந்த பலம் திரும்பி வந்துவிட்டதாகவும் கூறினார். ஐந்து வருஷத்திற்குள் அவர் காலமாகிவிட்டார். ஆனால், போன வாலிபத்தைக் குப்பியில் வாங்கலாம் என்னும் ஆசை மட்டும் சாகவில்லை. விளம்பரப் பக்கங்களே இதற்குச் சாட்சி. ("உங்கள் பத்திரிகையிலும்தான்!" என்று நேயர் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது.)

வயோதிகத்தில் ஹார்மோன்கள் குறைவதனால்தான் நோய் எளிதில் பற்றுகிறது என்பது பாதி உண்மையே. மார்பெலும்பின் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்பவர், பிறந்தவுடன் தைமஸை இழந்த சுண்டெலிகள் நோயை எதிர்க்க வழியின்றி மடிவதைக் கண்ட பிறகே அதன் பெருமை வெளிப்பட்டது. வெள்ளை அணுக்களில் ஒரு வகுப்பார், நம்மவன் யார், அந்நியன் யார் என்று கற்றுத் தேறும் பள்ளிக்கூடம் அது. பருவம் எய்திய பின் அது சுருங்கிக்கொண்டே போய்க் கொழுப்பு மண்டிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தை விரைவுபடுத்துவது எது? வாலிபத்தைத் தரும் அதே ஹார்மோன்கள்தாம்! காயடித்த பிராணிகளுக்குத் தைமஸ் பெருத்தே இருக்கிறது. ஆக, பிரௌன்-ஸெக்கார் தேடிய அமிர்தமே பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போடும் வஸ்துக்களில் ஒன்று.

ஸ்திரீகளின் விஷயம் வேறு. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எதிர்ப்பு அணுக்களில் சில கட்டுக்கு அடங்காமல் எலும்பு தேய்வதற்கே துணை போகின்றன. மூத்திரத் துவாரத்தின் அருகே காவல் புரியும் நல்ல கிருமிகளும் அருகிப்போவதால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டிமார் கூச்சத்தினால் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டிலுள்ளோர்தான் விசாரிக்கவேண்டும்.

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியோ, டி.எச்.இ.ஏ. என்ற சரக்கை வயது ஏற ஏறக் குறைத்துவிட்டு, எதிர்ப்பு அணுக்களை அடக்கும் கார்ட்டிஸாலை மட்டும் குறைக்காமல் தருகிறது. துணையை இழந்த முதியவர்களைச் சோதித்ததில், இந்த விகிதம் இன்னும் கெட்டு, வெள்ளை அணுக்களின் கிருமி கொல்லும் திறனும் தளர்ந்திருந்தது.

புதிய மாணாக்கர் வராத பள்ளிக்கூடத்தில், பழையவர்களுக்கே மறுபடி பாடம் சொல்லவேண்டியதுதான். தடுப்பூசி செய்வது இதைத்தான். சிறு வயதில் சின்னம்மையாக வந்த விஷக்கிருமி நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, ஐம்பது வயதுக்கு மேல் காவல் தளர்ந்ததும் அக்கியாகக் கிளம்புகிறது. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் தீராமல் தவிப்பவர் உண்டு. நம் ஊர்களில் குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்வது வழக்கம். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையை மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அக்கிக்குப் புதிய தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டில் கிடைக்கிறது. ஐம்பது கடந்தவர்களுக்கு இரண்டு தவணை போடவேண்டும். விலை அதிகந்தான். ஆயினும் காயகல்ப லேகியத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் தாத்தாக்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.