புற்று நோய்க்கு மருந்தாகுமா பல்லேடியம்?

சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியில் பட்டாசு வேலை செய்கிறவர்களுக்கு உலோக உப்புகள் புதிதல்ல. சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்ஷியம். நீலத்துக்குத் தாமிரம். பச்சைக்குப் பேரியம். (பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டு விட்டது.)

பச்சை ஒளி தந்த பேரியம் நைட்ரேட் ஒரு விஷம். வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அதே பேரியத்தின் இன்னொரு உப்பை டாக்டர்களே நோயாளிக்கு டம்ளரில் கலக்கிக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள்! எக்ஸ்ரே படத்தில் வயிறும் குடலும் தெளிவாகத் தெரிவதற்காக. அது பேரியம் சல்பேட். உடம்பில் ஒட்டாது. போன வழியே வெளியேறி விடும்.

உலோகம் ஒன்றுதான். அதோடு கைகோத்து நிற்பது எது என்பதைப் பொறுத்துக் குணம் மாறுகிறது. புற்று நோய்க்கு உலோக மருந்து தேடும் விஞ்ஞானிகளும் இந்தக் கைகோப்பைத்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

தற்செயலாகக் கிடைத்த மருந்து

1965-ம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, பாக்டீரியா கிருமிகள் உள்ள திரவத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். கிருமிகள் சாகவில்லை. ஆனால் இரண்டாகப் பிரிந்து பெருகுவது நின்று விட்டது. நூல் போல நீண்டுகொண்டே போயின. சில கிருமிகள் 300 மடங்கு வரை நீண்டன!

மின்சாரம் செய்த வேலையா இது? இல்லை. மின்சாரம் பாய்ச்சுவதற்காக வைத்திருந்த பிளாட்டினத்தில் கொஞ்சம் கரைந்து, திரவத்தில் இருந்த வேறு பொருள்களோடு சேர்ந்துகொண்டிருந்தது. அதுதான் காரணம்.

புற்று நோய் என்பது உடம்பின் செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகும் நோய். கிருமி பெருகுவதைத் தடுத்த பொருள் புற்றையும் தடுக்குமா? எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது. 1978-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுதான் "சிஸ்பிளாட்டின்". பரவி விட்டால் பிழைப்பது அரிது என்றிருந்த விரைப் புற்று நோய், இன்று பெரும்பாலும் குணமாகிறது என்றால் அதில் இந்த மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. கருப்பை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் நோயாளி படும் பாடு கொஞ்சமல்ல. வாந்தி குடலைப் பிடுங்கும். சிறுநீரகம் கெடலாம். காது மந்தமாகலாம். மருந்து ஏற்றும்போது பாட்டில் பாட்டிலாக உப்பு நீரையும் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். சில கட்டிகள் மருந்துக்குப் பழகியும் விடுகின்றன.

உடன்பிறப்பு போன்ற உலோகம்

அதனால் பிளாட்டினத்தைப் போலவே உள்ள இன்னொரு உலோகத்தின் மேல் கண் விழுந்தது. அதுதான் பல்லேடியம். லண்டனில் வொல்லாஸ்டன் என்பவர் 1802-ல் கண்டுபிடித்தது. இப்போது பெரும்பாலும் பெட்ரோல் கார்களின் புகையைச் சுத்தம் செய்யப் பயன்படுகிறது. 2019 முதல் சில காலம் விலையில் தங்கத்தையே மிஞ்சி நின்றது.

பிளாட்டினத்தைப் போலவே இதற்கும் நான்கு கைகள். அப்படியானால் அதே வேலையைச் செய்ய வேண்டியதுதானே? செய்யவில்லை. பிளாட்டினம் நிதானமானது. பிடித்ததை மெல்லத்தான் விடும். பல்லேடியமோ ஏறக்குறைய லட்சம் மடங்கு அவசரக்காரன். புற்றுச் செல்லுக்குப் போய்ச் சேருமுன்பே, வழியில் கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு வீணாகி விடும். திரி குட்டையான வெடி கையிலேயே வெடிப்பதில்லையா, அதைப் போல!

திரியை நீளமாக்க வழி என்ன? இரண்டு மூன்று இடத்தில் இறுகப் பற்றிக்கொள்ளும் பொருள்களால் பல்லேடியத்தைக் கட்டிப் போடுவது. இந்தக் கட்டும் வேலை நம் ஊரிலேயே நடந்து வருகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ரசாயனத் துறையினர் இத்தகைய உலோகச் சேர்மங்களைத் தயாரித்து, புற்றுச் செல்களின் மேல் சோதித்திருக்கிறார்கள். சிஸ்பிளாட்டினை விடக் குறைந்த அளவிலேயே செல்களைக் கொல்லும் பல்லேடியச் சேர்மங்களும் உலகில் பல சோதனைச்சாலைகளில் உருவாகியுள்ளன.

தட்டு வேறு, உடம்பு வேறு

இந்த இடத்தில்தான் செய்தி படிப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். சோதனைத் தட்டில் ரத்தம் ஓடவில்லை. ஈரல் இல்லை. சிறுநீரகம் இல்லை. பினாயிலை ஊற்றினாலும்தான் தட்டில் உள்ள புற்றுச் செல் சாகும்! புற்றைக் கொல்லும் அளவு, மனிதனைக் கொல்லாத அளவாகவும் இருக்க வேண்டும். அதற்கு எலி, பிறகு வேறு விலங்குகள், பிறகு மனிதர்களிடம் பல கட்டச் சோதனைகள் உண்டு. தட்டில் ஜெயித்த பொருள்களில் மிகப் பல இந்த வழியில் விழுந்து விடுகின்றன.

கரை சேர்ந்த பல்லேடிய மருந்து ஒன்றாவது உண்டா? உண்டு. பெயர் பேடலிபோர்பின். இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. ரத்தத்தில் ஏற்றிய பிறகு, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குள் மெல்லிய இழைகள் வழியாக லேசர் ஒளியைச் செலுத்துகிறார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து விழித்துக்கொண்டு, கட்டிக்கு ரத்தம் போகும் குழாய்களை அடைத்து விடுகிறது. 2017-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அதுவும் ஆரம்ப நிலைப் புற்றுக்கு மட்டும். 2020-ல் அமெரிக்க நிபுணர் குழு இதற்கு எதிராக வாக்களித்தது. சிஸ்பிளாட்டினைப் போல உடம்பெங்கும் பரவிய புற்றைத் தேடிப் போகும் மருந்து அல்ல இது.

ஆகவே, "பல்லேடியத்தில் புது மருந்து" என்று யாராவது படித்துச் சொன்னால், அதை நம்பி நடக்கிற வைத்தியத்தை நிறுத்துவதற்கில்லை. தாயில்பட்டிக்காரர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று நோய் சிகிச்சையும் அடக்கம். சேர்ந்திருக்கும் குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெறலாம்.